இந்தியாவின் கரிம உமிழ்வுக் குறைப்புத் திட்டமிடல்

நிலக்கரி, பெட்ரோலியம், சிமென்ட், உரம், வேளாண்மை, குப்பை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கெடுத்து, வளர்ச்சிக்கு ஊறு நேராமல் அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவர இந்தியா 1990களிலிருந்து வகுத்துவரும் சட்டங்கள், இலக்குகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் தொகுப்பு. 2008 ஜூன் 30 அன்று வெளியான காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தையே இதன் தொடக்கமாகக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் இந்த வரலாற்றை அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு, நெல்வயலில் இறங்கி மீத்தேனை அளந்தவர்களிடமிருந்து தொடங்குவதே சரி. தன் உமிழ்வைத் தானே எண்ணத் தெரிந்த பிறகுதான் இந்தியாவால் தனக்கு ஏற்ற இலக்கைத் தானே வரைய முடிந்தது.

நெல்வயல் கணக்கு

வாஷிங்டனிலுள்ள உலக வள நிறுவனம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, புவி வெப்பமாவதற்குப் பெரும்பொறுப்பு ஏற்க வேண்டிய நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் சீனாவையும் பிரேசிலையும் முன்னால் நிறுத்தியது. காடழிப்பையும், கால்நடைகளும் நெல்வயல்களும் விடும் மீத்தேனையும் கணக்கில் ஏற்றியதால் வந்த வரிசை அது. மறு ஆண்டே தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய மறுப்பு வெளிவந்தது. பிழைப்பதற்காக வெளியாகும் உமிழ்வும் ஆடம்பரத்துக்காக வெளியாகும் உமிழ்வும் ஒன்றல்ல என்றார்கள். கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ளும் அளவை நாடுகளுக்குப் பங்கிடும்போது மக்கள்தொகையைப் பார்த்தே பங்கிட வேண்டும் என்றார்கள். பிறகு வந்த இந்தியப் பேச்சுவார்த்தைக் குழுக்கள் அனைத்தும் ஏதோ ஒரு வடிவில் இந்த வாதத்தின் மேல்தான் நின்றன.

வாதத்துக்குச் சான்று தந்தவர்கள் விஞ்ஞானிகள். இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.7 கோடி டன்னுக்கு மேல் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவின் முன்னெடுப்பில் 1991இல் நாட்டின் பல பகுதிகளில் அளவீடு நடந்தது. முறை எளியது, பொறுமைதான் நிறைய வேண்டும். நெற்குத்துகளின் மேல் ஒளிபுகும் பெட்டி ஒன்றைக் கவிழ்ப்பார்கள். அடிவிளிம்பு வயல்நீரில் அமிழ்ந்திருப்பதால் உள்ளே சேரும் வாயு கசியாது. குறித்த இடைவெளிகளில் ஊசிக்குழலால் அந்தக் காற்றை உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் பகுத்து, மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நடவு முதல் அறுவடை வரை, தண்ணீர் நிற்கும் வயலிலும் வானம் பார்த்த வயலிலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முடிவில் கிடைத்த எண் ஏறத்தாழ 40 லட்சம் டன், அதாவது அமெரிக்க மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு. மேலைநாட்டு வயல்களில் எடுத்த அளவை இந்தியப் பரப்பளவால் பெருக்கியதில் நேர்ந்த பிழை அது. இங்கே பல வயல்களில் தண்ணீர் இடைவிடாமல் நிற்பதில்லை, மண்ணில் மட்கும் குறைவு. இந்திய அறிவியல் நாட்டுக்குச் செய்த பெரும் உதவிகளுள் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பாடநூல்களில் இதற்குக் கிடைத்திருக்கும் இடமோ மிகச் சிறிது.

கடமை இல்லாத ஆண்டுகள்

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையை இந்தியா 1993இல் உறுதிசெய்தது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அவரவர் வரலாற்றுக்கும் வசதிக்கும் ஏற்ப வேறுபட்டது என்ற நெறி அதில் இடம்பெற்றது. 1997இன் கியோட்டோ நெறிமுறை வளர்ந்த நாடுகளுக்கு மட்டுமே குறைப்புக் கடமையை விதித்தது. எனவே இந்தியாவில் அப்போது உமிழ்வுக் குறைப்புக்கென்று தனித் திட்டம் ஏதும் இல்லை. ஆனால் பிற்பாடு அத்திட்டத்துக்குத் தூண்களாக நின்ற சட்டங்கள் இந்தக் காலத்தில்தான் பிறந்தன. 2001இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டமும், அதன்கீழ் 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் பணியகமும், மின்வாரியங்கள் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வாங்க வேண்டும் என்பதற்கு வழிவகுத்த 2003இன் மின்சாரச் சட்டமும் அவற்றுள் முக்கியமானவை. 2004இல் ஐ.நா.விடம் அளித்த முதல் தேசிய அறிக்கையின்படி, 1994இல் நாட்டின் உமிழ்வு கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான கணக்கில் 122.8 கோடி டன். அதில் எரிசக்தியின் பங்கு 61 விழுக்காடு, வேளாண்மையின் பங்கு 28 விழுக்காடு.

கியோட்டோ நெறிமுறையில் இந்தியாவுக்கு வாய்த்த வழி, தூய வளர்ச்சிச் செயல்முறை. வளரும் நாட்டில் உமிழ்வைக் குறைத்து, அந்தக் குறைப்பை வளர்ந்த நாட்டுக்குக் கார்பன் வரவாக விற்கலாம். தமிழ்நாட்டின் காற்றாலைகளுக்கு இதில் நல்ல பங்கு கிடைத்தது. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் அரசு நிறுவிய மாதிரிக் காற்றாலைகளில் தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் பெருகிய தொழில் அது. ஆனால் கொழுத்த வருவாய் போனது வேறு பக்கம். குளிர்பதன வாயு தயாரிக்கும் ஆலைகளில் எச்எஃப்சி-23 என்ற துணைப்பொருள் வெளியேறும். அதில் ஒரு டன், 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று அன்றைய கணக்கு வைத்தது. ஆலைக்குள்ளேயே அதை எரிக்க ஆகும் செலவு சொற்பம், எரித்ததற்குக் கிடைத்த வரவோ மலையளவு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் இந்த வரவுகளை ஏற்க மறுத்துவிட்டது. 2016இல் இந்திய அரசு, ஆலைகள் தங்கள் சொந்தச் செலவிலேயே அதை எரித்தழிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. சந்தையை மட்டும் நம்பினால் குறைப்பு எளிதாக உள்ள இடத்துக்குப் பணம் போகும், நாட்டுக்குத் தேவையான இடத்துக்குப் போகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எட்டு இயக்கங்கள்

2007இல் ஜெர்மனியின் ஹைலிகண்டம் நகரில் நடந்த ஜி-8 மாநாட்டில், இந்தியாவின் தனிநபர் உமிழ்வு வளர்ந்த நாடுகளின் தனிநபர் உமிழ்வை ஒருபோதும் தாண்டாது என்று பிரதமர் மன்மோகன் சிங் உறுதி கூறினார். மறு ஆண்டு வெளியான தேசியச் செயல்திட்டம் சூரிய ஆற்றல், எரிசக்தித் திறன், நீடித்த வாழிடம், நீர், இமயமலைச் சூழல், பசுமை இந்தியா, நீடித்த வேளாண்மை, காலநிலை அறிவு என எட்டு தேசிய இயக்கங்களை அறிவித்தது. இவற்றுள் உமிழ்வைக் குறைப்பதில் நேரடியாகப் பலன் தந்தவை முதல் இரண்டே.

சூரிய ஆற்றல் இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கியபோது 2022க்குள் 20,000 மெகாவாட் என்ற இலக்கே எட்டாக்கனியாகத் தெரிந்தது. அந்த ஆண்டு நடந்த முதல் ஏலத்தில் ஒரு யூனிட்டின் விலை 10 ரூபாய்க்கு மேல். 2015இல் இலக்கை ஐந்து மடங்காக, ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தினார்கள். 2017இல் ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவுக்கான ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. உலகச் சந்தையில் தகடுகள் மலிந்தது பாதிக் காரணம். ஏலமுறையும், இருபத்தைந்து ஆண்டுக் கொள்முதல் ஒப்பந்தமும் மீதி. இடையில் 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது.

செறிவு என்னும் அளவுகோல்

2009 டிசம்பர் 3 அன்று, கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மக்களவையில் ஓர் எண்ணை அறிவித்தார். மொத்த உள்நாட்டு உற்பத்தியின் உமிழ்வுச் செறிவை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020க்குள் 20 முதல் 25 விழுக்காடு குறைப்போம், வேளாண்மை இதில் சேராது என்பதே அது. இந்தியா தானாக ஓர் எண்ணைச் சொன்னது அதுவே முதல் முறை. கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது.

செறிவு என்றால் குறிப்பிட்ட மதிப்புள்ள உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்பது. நூறு ரூபாய் உற்பத்திக்கு ஒரு கிலோ வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். செறிவு 20 விழுக்காடு குறைந்தால் அது 800 கிராமாகும். அதற்குள் பொருளாதாரம் இருமடங்காகியிருந்தால் மொத்த உமிழ்வு குறைந்திருக்காது, 1.6 மடங்காகக் கூடியிருக்கும். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. இன்னும் கோடிக்கணக்கான வீடுகளுக்கு விளக்கும் விசிறியும் போய்ச்சேர வேண்டியிருந்த நாட்டில் வேறு அளவுகோல் நேர்மையாக இருந்திருக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் செறிவு குறைந்ததை மொத்தம் குறைந்ததாகக் காட்டும் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அது தவறு. 1994இல் 122.8 கோடி டன்னாக இருந்த உமிழ்வு 2020இல், நிலப்பயன்பாடும் காடும் சேராத கணக்கில், 295.9 கோடி டன். 2005க்கும் 2020க்கும் இடையில் செறிவு 36 விழுக்காடு குறைந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எண்ணை அறிவித்த பிறகே அதை எட்டும் வழியைத் தேடினார்கள். 2010இல் கிரிட் பாரிக் தலைமையில் திட்டக்குழு அமைத்த வல்லுநர் குழு, 2014இல் இறுதி அறிக்கை தந்தது. அதே ஆண்டு திட்டக்குழு, 2047 வரையிலான எரிசக்திக் காட்சிகளை யாரும் கணினியில் மாற்றி மாற்றிப் பார்க்கத்தக்க கணக்கீட்டுக் கருவி ஒன்றையும் வெளியிட்டது. 2015இல் திட்டக்குழுவே கலைக்கப்பட்டு நிதி ஆயோக் வந்தபின் அக்கருவியின் பொறுப்பும் அதனிடம் சென்றது.

ஆலையும் பல்பும்

எரிசக்தித் திறன் இயக்கத்தின்கீழ் 2012 முதல் 2015 வரை நடந்த முதல் சுற்று ‘செயல்படு, எட்டு, வணிகம் செய்’ திட்டத்தில் அனல்மின், இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் உள்ளிட்ட எட்டுத் துறைகளின் 478 ஆலைகளுக்குத் தனித்தனியே எரிசக்தி இலக்கு குறிக்கப்பட்டது. இலக்கைத் தாண்டிய ஆலை சான்றிதழ் பெறும், எட்டாத ஆலை அதை விலைக்கு வாங்கும். எல்லா ஆலைக்கும் ஒரே அளவு வைக்காமல், அந்தந்த ஆலை நிற்கும் நிலையிலிருந்து எவ்வளவு முன்னேற வேண்டும் என்று வைத்ததே இதன் சிறப்பு. இலக்கு 66.9 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான சேமிப்பு, கிடைத்தது 86.7 லட்சம் டன். இலக்கே தளர்வாக வைக்கப்பட்டது என்ற விமர்சனத்துக்கும் இந்த எண்ணே இடம் கொடுக்கிறது.

மக்கள் கைக்கு வந்துசேர்ந்த திட்டம் எல்இடி பல்பு. 2014இல் முதலில் புதுச்சேரியில்தான் சோதித்தார்கள். அப்போது அரசு நிறுவனம் ஒரு பல்பைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். கோடிக்கணக்கில் மொத்த ஏலம் விட்டதில் 2016இல் அது 38 ரூபாயானது. மானியம் கிடையாது. பத்து ரூபாய் கொடுத்துப் பல்பை வாங்கிக்கொண்டு, மீதியை மின்கட்டணத்தோடு தவணையாகக் கட்டும் வசதியும் பல ஊர்களில் இருந்தது. 36 கோடிக்கு மேல் பல்புகள் இவ்வாறு விநியோகமாயின. காலநிலை என்ற சொல்லைச் சொல்லாமலே, வீட்டு மின்கட்டணம் குறையும் என்று சொல்லியே இந்தத் திட்டம் வென்றது.

நிலக்கரிமீது 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் எனத் தொடங்கிய மேல்வரி 2016இல் 400 ரூபாய்க்கு ஏறியது. தூய எரிசக்திக்கு என்று வசூலித்த இந்தப் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதற்கான நிதியத்துக்குப் போய்ச்சேர்ந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த வரி மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் கணக்கில் கரைந்தது. இந்த வரலாற்றில் கைநழுவிய பெரும் வாய்ப்பு இதுதான்.

பாரிஸ், கிளாஸ்கோ

2015 அக்டோபர் 2 அன்று இந்தியா பாரிஸ் மாநாட்டுக்குத் தந்த உறுதிமொழியில், 2030க்குள் செறிவை 33 முதல் 35 விழுக்காடு குறைப்பது, மின் நிறுவுதிறனில் 40 விழுக்காடு புதைபடிவமல்லாத மூலங்களிலிருந்து பெறுவது, 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக உறிஞ்சும் அளவுக்குக் காட்டையும் மரங்களையும் பெருக்குவது என்ற மூன்று எண்கள் இருந்தன. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் பிரதமர் நரேந்திர மோடி, 2070க்குள் நிகர சுழியம் (வெளியேறும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாகும் நிலை) என்றும் 2030க்குள் 5 லட்சம் மெகாவாட் புதைபடிவமல்லாத திறன் என்றும் அறிவித்தார். 2022 ஆகஸ்டில் முறைப்படி திருத்திய உறுதிமொழியில் செறிவு 45, நிறுவுதிறன் 50 விழுக்காடாக உயர்ந்தன. அந்த நவம்பரில் நீண்டகால உத்தி அறிக்கையும் ஐ.நா.வுக்குச் சென்றது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழு அமைந்தது.

2025 ஜூன் இறுதியில் நாட்டின் 4.85 லட்சம் மெகாவாட் நிறுவுதிறனில் பாதி புதைபடிவமல்லாத மூலங்களுடையதாகிவிட்டது. ஐந்தாண்டு முன்கூட்டியே எட்டிய இலக்கு. பெருமைப்படத்தக்க செய்தி, ஆனால் பாதி மின்சாரம் தூய்மையாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. சூரியத் தகடு இரவில் ஓடாது, காற்றாலை மே முதல் செப்டம்பர் வரைதான் முழுவீச்சில் சுழலும். உற்பத்தியாகும் மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சேமக்கலமும் நீரேற்று மின்நிலையங்களும் மாநிலம் தாண்டிய மின்தடங்களும் நிறுவுதிறனின் வேகத்தில் வளரவில்லை.

2022இல் திருத்திய எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2023இல் கார்பன் வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அலுமினியம், சிமென்ட், காகிதம், குளோர்-ஆல்கலி ஆலைகளுக்கான முதல் செறிவு இலக்குகள் 2025 அக்டோபரில் வெளியாயின. எரிசக்தியை அளந்த பழைய திட்டம் இப்போது நேரடியாக உமிழ்வை அளக்கிறது. அனல்மின் நிலையங்கள் இந்த முதல் பட்டியலில் இல்லை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களின் சுரங்க மாவட்டங்களில் கூலியும் ஓய்வூதியமும் மாநில வருவாயும் நிலக்கரியைச் சார்ந்தே நிற்கின்றன. பயணக் கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருக்க ரயில்வே நம்பியிருப்பதும் நிலக்கரி ஏற்றிச்செல்லும் வருவாயைத்தான். 2070 என்று ஆண்டு குறித்த திட்டம், இந்தச் சுரங்கங்கள் எந்த ஆண்டில், எந்த வரிசையில் மூடப்படும், அங்கு வேலை செய்வோர் எங்கே போவார்கள் என்பதற்கு இன்னும் அட்டவணை வகுக்கவில்லை.