சைக்ளோகிராஸ் களத்தில் கிராவல் சைக்கிள்: அலுமினியச் சட்டகமும் கார்பன் சட்டகமும்

1. களமும் வினாவும்

சைக்ளோகிராஸின் முதல் உலகச் சாம்பியன் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. பிரான்சின் ழான் ரொபிக் வென்றார். இன்று அதன் தாய்வீடு பெல்ஜியம். இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரையிலான சுற்றுப்பாதையை வீரர்கள் சுமார் ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். நாமூர்க் கோட்டைச் சரிவில் சேறு, கோக்ஸைடேயில் மணல்மேடு, இடையிடையே 40 செ.மீ. உயரப் பலகைகள். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கி ஓட வேண்டும். சரளைப் பாதைக்கென உருவான கிராவல் சைக்கிளோடு இக்களத்தில் இறங்கும் புதியவர், அலுமினியம் வாங்குவதா, கார்பன் வாங்குவதா?

2. பொருளின் இயல்பு

2.1 அலுமினியம்

மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த 6061, துத்தநாகம் கலந்த 7005 ஆகிய உலோகக் கலவைகள் சட்டகங்களில் பரவலாகப் பயன்படுகின்றன. எஃகோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அவ்வளவே. அந்த விறைப்புக் குறையை ஈடுசெய்யவே குழாய்கள் பருமனாக்கப்படுகின்றன. எஃகைப் போல் அலுமினியத்துக்குத் திட்டவட்டமான களைப்பு வரம்பு கிடையாது. சிறு அழுத்தமும் திரும்பத் திரும்ப விழுந்தால் நாளடைவில் விரிசல் விடலாம். ஆனால் அடிபட்டால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். இப்பொருள் இக்களத்துக்குப் புதிதுமல்ல. இத்தாலியின் ஆலன் நிறுவனம் 1970களில் செய்த அலுமினியச் சட்டகங்கள் சைக்ளோகிராஸ் வீரர்களின் விருப்பத் தேர்வாக இருந்தன.

2.2 கார்பன்

இழைகளை எத்திசையில் அடுக்குகிறோமோ அத்திசையில் வலிமை. எனவே பெடலருகே விறைப்பும் இருக்கைத் தண்டருகே நெகிழ்வும் ஒரே சட்டகத்தில் அமையும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2021இல் வெளியிட்ட எஸ்-வொர்க்ஸ் க்ரக்ஸ் சட்டகத்தின் எடை 725 கிராம் என அந்நிறுவனம் அறிவித்தது. குறை என்னவென்றால், கல்லில் மோதிய அடி மேற்பூச்சுக்குக் கீழே அடுக்குகளைப் பிரித்துவிட்டு வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

3. எடையும் அதிர்வும்

தோளில் தூக்கும்போது அரை கிலோ வித்தியாசம் உணரத்தக்கதே; மறுப்பதற்கில்லை. ஆயினும் ஈரக் களிமண்ணில் ஒரு சுற்று முடிவதற்குள் ஒட்டிக்கொள்ளும் சேறு அந்த அரை கிலோவை எளிதில் விழுங்கிவிடும். ஆகவே சேறு தங்காத இடைவெளியே எடையைவிட முக்கியம். கிராவல் சட்டகங்கள் பெரும்பாலும் 40 மி.மீ.க்கு மேற்பட்ட டயருக்கும் இடம் தருபவை. உலக சைக்கிள் சங்க விதிப்படி டயர் அகலம் 33 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. உள்ளூர்ப் போட்டிகளில் இவ்விதி தளர்வதுண்டு. மெல்லிய டயரைப் போட்டதும் மிஞ்சும் இடத்தில் சேறு வழிந்தோடும். இந்த நன்மை இரு பொருளுக்கும் பொது.

கார்பன் குலுக்கலைத் தணிக்கும் என்பது விற்பனையாளர் தவறாமல் சொல்லும் வாதம். சாலைச் சைக்கிளில் அதற்குப் பொருள் உண்டு. இங்கோ 20, 25 பி.எஸ்.ஐ. காற்றோடு ஓடும் டயர், சட்டகம் வளைவதைவிடப் பல மடங்கு அமுங்குகிறது. அழுத்தத்தில் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிக் குறைத்தாலே வளைவில் பிடிப்பு மாறிவிடும். அந்த மாற்றத்தைச் சட்டகப் பொருள் தருவதில்லை.

4. வடிவம்

கிராவல் சைக்கிளின் பெடல் அச்சு பொதுவாகத் தாழ்ந்திருக்கும். சக்கர இடைத்தூரம் நீண்டிருக்கும். நேர்ச்சரிவில் இது உறுதி. கயிறு கட்டிய குறுகிய வளைவுகளில் தாமதம். அலுமினியமோ கார்பனோ இக்குறையை மாற்றாது. வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது வடிவ அட்டவணையை.

5. தீர்ப்பு

சேற்றுப் போட்டிகளில் முன்னணி வீரர்கள் அடிக்கடி சைக்கிளை மாற்றுவர். ஒன்று ஓடும்போது மற்றொன்று கழுவப்படும். அத்தகைய அணிபலம் உள்ளவருக்குக் கார்பனே தகும். ஒரே சைக்கிளோடு வருபவருக்கு என் பரிந்துரை, கார்பன் முன்கவை பொருத்திய அலுமினியச் சட்டகம். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது சக்கர ஜோடியும், சேற்றுக்கு ஒன்று, காய்ந்த தரைக்கு ஒன்று என இரு வகை டியூப்லெஸ் டயர்களும் வாங்குங்கள்.