ஆரோவில்: செம்மண் கட்டடங்களும் இயற்கை வேளாண்மையும்

ஆரோவில், புதுச்சேரிக்கு வடக்கே 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட பன்னாட்டு நகரியம் ஆகும். அப்போது அந்தச் செம்மண் மேட்டில் மரங்கள் அருகிவிட்டன. மழைதோறும் மேல்மண் அரிக்கப்பட்டு வங்கக் கடலில் சேர்ந்தது. குடியேறியவர்கள் உள்ளூர்க் கிராமத்தினருடன் சேர்ந்து வரப்புகளை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, மரங்களை நட்டனர். மண் நிலைத்த பின்னரே வேளாண்மை கைகூடியது. இன்று அன்னபூர்ணா முதலிய பண்ணைகளில் இரசாயன உரமின்றிப் பயிர்கள் விளைகின்றன.

1989இல் உருவான ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம், செம்மண்ணுடன் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களைப் பரவலாக்கியது. இவற்றைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஆதலால் விறகு மிச்சமாகிறது. மண் எடுத்த பள்ளத்தில் மழைநீரைச் சேமிக்கலாம். இக்கற்களால் கட்டப்பட்ட வருகையாளர் மையம் 1992இல் ஹாசன் ஃபாத்தி விருதைப் பெற்றது. இவ்வாறு, கடலுக்கு வீணாய்ப் போன மண்ணே விளைநிலமாகவும் வீடாகவும் மதிப்புப் பெற்றது.