யார் ஆடலாம்? சிறுவர் பேஸ்போல் உலகப் போட்டியின் வரலாறு

இலங்கைச் சிற்றூர்களில் ஆடப்படும் எல்லேயை அறிந்தோர்க்குப் பேஸ்போல் முற்றும் புதியதன்று. இரண்டிலும் பந்தை அடித்தவர் குறித்த தளங்களைச் சுற்றி ஓடி மீளுதல் வேண்டும். இவ்வாட்டத்தைச் சிறுவர்க்கேற்ப ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போட் நகரினரான கார்ல் ஸ்டொட்ஸ் ஆவார். 1939இல் மூன்று அணிகளோடு ‘லிட்டில் லீக்’ என்னும் அமைப்பை அவர் தொடக்கினார். வளர்ந்தோர் ஆட்டத்தில் 90 அடியாயிருந்த தளங்களின் இடைத்தூரம் சிறுவர்க்கு 60 அடியாயிற்று. 1947இல் முதற் சுற்றுப்போட்டி நடைபெற்றது. 1957இல் மெக்சிக்கோவின் மொன்ரெரே அணி வாகை சூடவே, கிண்ணம் முதன்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே சென்றது.

போட்டியின் அமைப்புப் படிமுறையானது. ஒவ்வோர் ஊர்ச் சங்கத்துக்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அவ்வெல்லைக்குள் வாழ்வோர் அல்லது பயில்வோரிலிருந்தே, 12 வயதுக்கு மேற்படாத ஆட்டக்காரர் தெரியப்படுவர். வயதுக்கும் வதிவிடத்துக்கும் பத்திரச் சான்று வேண்டும். கீழ்ப்படிகளில் வென்று பிராந்திய முதன்மையும் பெற்ற அணிகளே ஆகஸ்ட் மாதத்தில் வில்லியம்ஸ்போட்டை அடுத்துள்ள திடலிற் கூடும். 2022 முதல் இவற்றின் தொகை 20; அமெரிக்க அணிகள் 10, பிறநாட்டணிகள் 10. இரு பிரிவின் முதல்வர்களும் இறுதியாட்டத்திற் பொருதுவர்.

இவ்விதிகள் நேர்மையின் பொருட்டு எழுந்தவை. எனினும், விதி நேர்மைக்குத் தடையாகவும் நிற்கக்கூடும் என்பதை 1955ஆம் ஆண்டு காட்டிற்று. தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரிலிருந்து கறுப்பினச் சிறுவர் அணியொன்று மாநிலப் போட்டிக்குப் பதிவு செய்தது. அவர்களோடு ஆட மறுத்து வெள்ளையர் அணிகள் 61உம் விலகின. எதிர்ப்பாரின்றி முதலிடம் பெற்ற அவ்வணி, ஆடாது பெற்ற வெற்றி செல்லாது என்னும் விதியால் அடுத்த படிக்கு ஏறவில்லை. அச்சிறுவர் வில்லியம்ஸ்போட்டுக்கு விருந்தினராய் அழைக்கப்பட்டுப் பார்வையாளராகவே அமர்ந்தனர். அவர்களை ஆடவிடுமாறு கூட்டத்தினர் முழங்கியும் பயன் விளையவில்லை. 2002இலேயே அவர்கள் மாநில வாகையரெனச் சிறப்பிக்கப்பட்டனர்.

ஏனை வாயில்களும் எளிதில் திறந்தனவல்ல. வழக்குகளின் பின்னர், 1974இலேயே சிறுமியர் ஏற்கப்பட்டனர். தாய்வான் நான்காண்டுகள் தொடர்ந்து வென்றபின், 1975இற் பிறநாட்டணிகள் விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் மீண்டன. 2011இல் தகுதி பெற்ற உகண்டா அணிக்கு, வயதுச் சான்றுகளிற் கண்ட முரண்பாட்டால் விசா மறுக்கப்பட்டது. 2012இல் மற்றோர் உகண்டா அணி களம் புகுந்து, ஆபிரிக்காவின் முதலணி என்னும் பெருமையை எய்திற்று.

அட்டவணை வகுத்தலும் நடுவரை நியமித்தலும் போட்டி அமைப்பின் புறவேலைகள். யார் ஆடலாம் என்பதைத் தீர்ப்பதே அதன் உயிர்நிலை. மாங்கேணியில் ஊர்ச் சிறார்க்கு எல்லேப் போட்டியொன்று நடத்த முனைவோரும் முதற்கண் விடை காணவேண்டிய வினா இதுவேயாகும்.