காலிமுகத்திடல்: அக்கரையில் ஒரு பெருவெளி



தூத்துக்குடி, காயல்பட்டினம் முதலான நம் கடற்கரையூர்களுக்குக் கொழும்பு அந்நியமான ஊர் அன்று. தோணியிலும் கப்பலிலும் வணிகம் நாடிச் சென்ற நம் முன்னோர், மாலைக் காற்று வாங்கிய இடமே காலிமுகத்திடல்.

ஒல்லாந்தர் காலத்தில் அது கோட்டைப் பீரங்கிகளின் பார்வைக்குத் தடையிருக்கலாகாதென்று வெறுமையாக விடப்பட்ட நிலம். ஆங்கிலேயர் அங்கே குதிரைப் பந்தயம் நடத்தினர். ஆளுநர் சர் ஹென்றி வார்டு 1859இல் கடலோர நடைபாதையை அமைத்து முடித்து, கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கல்வெட்டில் வேண்டிக்கொண்டார். இன்றும் சிறுவர் பட்டம் விடுகின்றனர். இறால் வடை விற்கப்படுகிறது. பெருநாள் தொழுகையும் அங்கே நடைபெறுவதுண்டு.

ஆனால், அவ்விடம் உல்லாசத்தை மட்டும் கண்டதன்று. 1956 ஜூன் 5இல், சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, தந்தை செல்வநாயகம் தலைமையில் தமிழர்கள் நாடாளுமன்றத்தின் எதிரே அங்கு அறவழியில் அமர்ந்தனர். அவர்களைக் கும்பலொன்று அடித்து விரட்டியது.

நம் நெஞ்சை அதிகம் வருத்துவது அண்மைக்கால நிகழ்வு. மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுவித்து அடக்குவது உயிரோடிருப்போர் மீது பர்ளு கிஃபாயா என்பதை நாமறிவோம். கொரோனாவில் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், இலங்கை அரசு 2020 ஏப்ரலில் எரியூட்டலைக் கட்டாயமாக்கியது. பிறந்து இருபது நாளேயான பச்சிளங்குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 2021 பிப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான்கான் கொழும்பு வந்தபோது, முஸ்லிம்கள் வெறும் சந்தூக்கைச் சுமந்து காலிமுகத்திடலில் நின்று முறையிட்டனர். அம்மாத இறுதியிலேயே அனுமதி கிடைத்தது. ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று.

அடுத்த ஆண்டு, பொருளாதாரச் சீர்குலைவால் வெகுண்ட மக்கள் 2022 ஏப்ரல் 9 முதல் அதே திடலில் கூடாரமிட்டனர். அது ரமளான் மாதம். நோன்பு திறக்கும் வேளையில் பிற சமயத்தாரும் உடனமர்ந்தனர். மே 18 அன்று, தமிழர் அடிபட்ட அதே மண்ணில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. இதனையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஜூலையில் அதிபர் கோட்டாபய நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். அம்மாதம் 22ஆம் நாள் விடியுமுன் இராணுவம் திடலுக்குள் நுழைந்து போராட்டக்காரர்களை விரட்டியது.

எரியூட்டலுக்காக முஸ்லிம்களிடம் இலங்கை அரசு மன்னிப்புக் கோர 2024 ஜூலை வரை ஆயிற்று.