வீட்டுக்கு வந்த பல்கலைக்கழகம்

புத்தலப்பட்டை நம் அன்பர்களில் பலர் பஸ்ஸில் கடந்திருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள். சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் உள்ள ஊர். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலும் அருகில்தான். கம்பராமாயணத்தைத் தெலுங்கில் தந்த ஸ்ரீராமுலு ரெட்டி அவர்களின் பெயருக்கு முன்னால் நிற்பது இந்த ஊரின் பெயரே.

திருப்பதியில் 1954-லேயே ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆயினும், பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு குமாஸ்தா வேலையில் அமர்ந்துவிட்ட ஒருவருக்கு அது எட்டாத தூரம்தான். அரசுப் பணியில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கோப்பு எழுதுவதில் அதிகாரியையே மிஞ்சுவார்கள். பட்டம் இல்லாத ஒரே காரணத்தால் பதவி உயர்வு வராது.

இவர்களுக்காக முதலில் கதவைத் திறந்தவர் பேராசிரியர் ஜி. ராம் ரெட்டி. உஸ்மானியா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவர், 1982-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம் என்றார்கள். பாடம் அச்சில் வீட்டுக்கு வரும், வானொலியில் ஒலிக்கும். ஐயம் தீர்க்க, அந்தந்த ஊர்க் கல்லூரிகளிலேயே படிப்பு மையங்கள் இருந்தன. 1985-ல் தில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் (இக்னோ) உருவானபோது, அதற்கும் முதல் துணைவேந்தர் அவரே.

அந்த நாற்காலியில் 1990-ல் அமர்ந்தவர் நம் கரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த டாக்டர் வா.செ. குழந்தைசாமி. நீரியல் வல்லுநர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதையும் எழுதினார். அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இடம் தேடி வருவோரில் மிகச் சிலரையே சேர்க்க முடியும். அங்கே சுமார் ஒன்பது ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர், எவரையும் சேர்க்கும் ஸ்தாபனத்துக்குப் போனார்! அவருடைய எழுத்துச் சீர்திருத்தக் கருத்துகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் இந்தப் பணியில் அவர் செய்தது பெரிது.

இக்னோவை விட்டு வந்த பின்னரும் அவர் ஓயவில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டிப் பிறந்த எண்ணம், 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தது. அதன் தலைவராக வழிநடத்தியவர் குழந்தைசாமி. குழந்தைகளுக்கு மழலைக் கல்வி, பிறகு சான்றிதழ், பட்டயம், தமிழியல் பட்டம் வரை கணினியிலேயே. சங்க நூல்களும் உரைகளும் அடங்கிய மின்நூலகம் வேறு. வீடுகளில் இணையம் அரிதாயிருந்த காலம் அது என்பதை நினைக்க வேண்டும். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது.

வெளிநாட்டுத் தமிழரை மனத்தில் வைத்துத் தொடங்கினார்கள். எனக்கோ முதலில் நினைவுக்கு வந்தவை சித்தூர் மாவட்டத்துக் குடும்பங்கள். 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் புத்தலப்பட்டும் ஆந்திரத்திலேயே நின்றன. வீட்டில் தமிழ் பேசியும் எழுதத் தெரியாத பிள்ளைகள் அங்கு ஏராளம். பம்பாயிலும் பெங்களூரிலும் நம் பேரக்குழந்தைகளின் நிலையும் அதுதானே?

அறிவியல் படித்தவன் என்பதால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. பியூரெட்டைக் கையில் பிடிக்காமல் வேதியியல் வராது. ஐ.ஐ.டி.க்களின் விரிவுரைகள் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். மூலமும், 2017 முதல் ஸ்வயம் மூலமும் கைப்பேசிக்கே வந்துவிட்டன, ஆய்வுக்கூடம் வரவில்லை. ராம் ரெட்டி படிப்பு மையங்களை உள்ளூர்க் கல்லூரிகளுக்குள் வைத்த காரணம், இப்போதுதான் எனக்கு முழுதாக விளங்குகிறது.