எண்ணூர் கழிமுகம்: சீரழிவும் மீட்புப் பணியும்

சென்னையின் வடகோடியில் கொசஸ்தலையாறு வங்கக் கடலில் கலக்கும் இடமே எண்ணூர் கழிமுகம். பக்கிங்காம் கால்வாய் இதன் வழியே செல்கிறது. வடக்கே உப்பங்கழிகள் பழவேற்காடு ஏரிவரை நீள்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் எண்ணூரைச் சென்னையோடு இணைத்தது. உப்பும் விறகும் அதில் படகேறி நகருக்குச் சென்றன.

காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் இங்கே இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்ந்தார்கள். இருளர்களுக்கு வலைகூடத் தேவைப்படவில்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் நகர்ந்தபடி சேற்றைக் கையால் துழாவி இறால் எடுப்பார்கள். சேறு மிருதுவாக இருக்கும்வரைதான் இந்தத் தொழில் நடக்கும்.

அந்தச் சேற்றைத்தான் சாம்பல் மூடியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலும் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களிலும் இயங்கத் தொடங்கின. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் அடிக்கடி உடைந்தன. கசிந்த குழம்பு அடியில் படிந்து இறுகியது; ஆழம் குறைந்து, படகுகள் தரைதட்டின. 2001-இல் திறக்கப்பட்ட, இன்றைய காமராஜர் துறைமுகமும் சுற்றியெழுந்த ஆலைகளும் சதுப்பு நிலத்தைச் சுருக்கின.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியது. கடல்நீரும் மணலும் கலந்து அது தார்போல் கெட்டியானதால், உறிஞ்சும் இயந்திரங்களின் குழாய்கள் அடைத்துக்கொண்டன. மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், கடலோரக் காவல்படையினர் பாறைகளில் வரிசையாக நின்று, வாளியைக் கைமாற்றி அதை அள்ளினார்கள்.

அதே ஆண்டு மீட்புப் பணி வரைபடங்களுக்கும் நகர்ந்தது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மேலாண்மைத் திட்டத்தில் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2017-இல் வெளிவந்த வேறொரு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பே காணப்படவில்லை. மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் இதை அம்பலப்படுத்தினார்கள். சாம்பல் கசிவுக்கு எதிராக மீனவர் தரப்பு தொடுத்த வழக்கில், கழிமுகத்தைச் சீரமைக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் உத்தரவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் புகுந்தது. வலைகளும் படகுகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் படிந்தது. அங்குள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்தே அது வந்ததாக மாசு கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அகற்றும் வேலை மீண்டும் மீனவர்களிடமே வந்தது. ஃபைபர் படகுகளில் சென்று, குவளையாலும் வாளியாலும் மொண்டு பீப்பாய்களை நிரப்பினார்கள். தோலில் அரிப்பும் மூச்சுத்திணறலும் அவர்களுக்கு மிஞ்சின.

எண்ணெயை மக்களின் கைகள் இருமுறை அள்ளிவிட்டன. அடியில் இறுகிய சாம்பலைத் தோண்டியெடுப்பது, குழாய்களை மாற்றுவது, எண்ணெய் வரும் வழியை அடைப்பது ஆகியவை கைகளால் முடியாத வேலைகள். அவற்றைச் செய்துமுடிக்கும் கடமை ஆலைகளுக்கும் அரசுக்கும் உரியது.