தோல் கிழிந்ததா, இல்லையா? முறிவுகளுக்குத் தரம் வந்த கதை

கட்டில் தலைமாட்டில் தொங்கிய டிக்கட்டில் முதலில் '2' என்று எழுதி, பிறகு அதை வெட்டி '3பி' என்று எழுதியிருந்தார்கள். மோட்டச்சைக்கிளில் விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த எங்கட பட்ச் பொடியனைப் பார்க்கப் போயிருந்தோம். போனது முழுக்கக் கலைப்பீடம், ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கவில்லை. கட்டில் நம்பர் மாறிப்போச்சாக்கும் என்று நினைத்தோம். அது அவன்ர முறிவின் தரம் என்று தாதி சொன்ன பிறகு, "ஓ.எல்லில கூட உனக்கு பி வந்ததில்லையேடா" என்று பகிடி விட்டோம். அவன் சிரிக்கவில்லை. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று முதல் நாள் இரவு அவன்ர அம்மாவிடம் சொல்லியிருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது.

அந்த எண்ணும் எழுத்தும் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடிப் பார்த்தோம். எலும்பு எத்தனை துண்டாய்ப் போனது, குறுக்காக முறிந்ததா, சரிவாக முறிந்ததா, சின்னப் பிள்ளைகளுக்கு வாற மாதிரிப் பச்சைத்தடி முறிவா என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள் என்று நினைத்திருந்தோம். அதுவும் உண்டு. ஆனால் மிகப் பழைய கேள்வி எலும்பைப் பற்றியதே இல்லை. மேலே இருக்கிற தோல் கிழிந்ததா, இல்லையா என்பதுதான் அது.

1862இல் எகிப்தின் லக்சரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பப்பிரசுச் சுருளை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ கி.மு. 1600இல், அதைவிடப் பழைய நூலொன்றைப் பார்த்து எழுதப்பட்டது. அதில் 48 காயங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பரிசோதித்த பிறகு வைத்தியர் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இதற்கு வைத்தியம் செய்வேன், இதோடு மல்லுக்கட்டிப் பார்ப்பேன், இது வைத்தியம் செய்கிற வருத்தமல்ல. மேற்கை எலும்பு முறிந்தால் முதலாவது பதில். அதே முறிவுக்கு மேல் காயமிருந்து, அது முறிவு வரைக்கும் உள்ளே இறங்கியிருந்தால் மூன்றாவது பதில். எலும்பு ஒன்றே, முறிவும் ஒன்றே. ஆனாலும் ஒருத்தன் பிழைப்பான், மற்றவனைக் கைவிட வேண்டியதுதான்.

பிறகு மூவாயிரத்துச் சொச்ச வருசம் இந்த விசயத்தில் பெரிசாக ஒன்றும் மாறவில்லை. 1756இல் லண்டனில் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் குதிரையிலிருந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த மனுசன் தன்னை ஒருத்தரையும் தூக்க விடவில்லை. குளிருக்குள் தெருவிலேயே கிடந்துகொண்டு, பல்லக்குத் தூக்குகிறவர்களைக் கம்புகளோடு வரச்சொல்லி, ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதைக் கம்புகளில் அறைவித்து, அதில் படுத்தபடி வீட்டுக்குப் போனார். கண்டபடி தூக்கினால் முறிந்த எலும்பு உள்ளுக்குள் இன்னும் கிழிக்கும் என்று அவருக்குத் தெரியும். (எங்கட ஊரில் விபத்து நடந்தால் ஆளைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றுகிற காட்சி ஞாபகம் வந்தது.)

வீட்டில் கூடிய வைத்தியர்கள் காலை வெட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பொட்டும் சம்மதித்துவிட்டார். ஆயுதங்கள் தயாராக இருந்த நேரத்தில் அவருடைய பழைய ஆசான் எட்வர்ட் நோர்ஸ் வந்து, காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் தப்பியது. பகிடி என்னவென்றால், இன்றைக்கும் 'பொட் முறிவு' என்று வைத்தியர்கள் சொல்லுறது கணுக்காலில் வாற முறிவொன்றை. அதை விவரித்தது அவர். அவருக்கு வந்தது வேறு.

அந்தக் காலத்தில் திறந்த முறிவென்றால் உடனே வெட்டச் சொன்னது கொடுமையால் இல்லை. முறிந்த எலும்பைப் பொருத்த அவர்களுக்குத் தெரியும். காயம் ஏன் அழுகுது என்றுதான் தெரியாது. 1865 ஓகஸ்ட்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சில்லு ஏறிய 11 வயதுப் பொடியன் ஒருத்தனின் கால் ஜோசப் லிஸ்டரிடம் வந்தது. திறந்த முறிவு. பாஸ்டரின் கிருமி ஆராய்ச்சிகளை வாசித்திருந்த லிஸ்டர் காயத்தைக் காபோலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். ஆறு கிழமையில் எலும்பு ஒட்டி, பொடியன் நடந்து வீட்டுக்குப் போனான். 1867இல் 'லான்செட்' சஞ்சிகையில் இப்படி 11 பேரின் கதையை அவர் எழுதினார். 9 பேர் காலோ கையோ போகாமல் பிழைத்திருந்தார்கள். அதே 1867இல்தான் மானிப்பாயில் தமிழில் மேலைத்தேய வைத்தியம் படிப்பித்த கிறீன் வைத்தியரின் 'இரண வைத்தியம்' என்ற மொழிபெயர்ப்பும் வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு ஒரு சந்தோசம், அவ்வளவுதான்.

எலும்பின் வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கிற வேலையும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. 1814இல் டப்ளினில் ஆபிரகாம் கொலிஸ் மணிக்கட்டு முறிவொன்றை விவரித்தார். கையை ஊன்றி விழுகிற வயசாளிகளுக்கு வாறது அது. ரொண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895இல், ஆகவே கொலிஸ் தடவிப் பார்த்தே அதைப் பிடித்திருக்கிறார். கண்டவரின் பெயரை முறிவுக்கு வைத்த காலம் அது. 1958இல் சுவிஸில் தொடங்கிய ஏ.ஓ. குழுவில் இருந்த மோரிஸ் முல்லர் பெயர்களை விட்டுவிட்டு எண்களுக்குப் போனார். 4 என்றால் முழங்காலுக்குக் கீழே, 2 என்றால் எலும்பின் நடுப்பகுதி, ஏ என்றால் எளிய முறிவு. நூலகத்துப் புத்தகத்துக்கு எண் போடுற மாதிரி.

எங்கட பொடியனின் '3பி' இன்னொரு வழியால் வந்தது. பிலிப்பைன்ஸில் பிறந்த ராமோன் குஸ்டிலோவும் அன்டர்சனும் அமெரிக்காவின் மினியாபோலிஸில் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து 1976இல் மூன்று தரம் வகுத்தார்கள். காயம் ஒரு சென்ரிமீற்றருக்குள், சுத்தம் என்றால் 1. அதைவிடப் பெரிசு, ஆனால் தசை பெரிசாகச் சிதையவில்லை என்றால் 2. தசையும் தோலும் நாசமென்றால் 3. 1984இல் 3ஆம் தரத்தை மட்டும் மூன்றாகப் பிரித்தார்கள். எலும்பை மூட அங்கேயே போதிய தசை இருந்தால் ஏ. வேறிடத்திலிருந்து தசை கொண்டுவந்து மூட வேண்டுமென்றால் பி. இரத்தக் குழாயும் அறுந்து அதைத் தைக்க வேண்டுமென்றால் சி.

டிக்கட்டில் '2' வெட்டப்பட்டதன் காரணம் இங்கேதான் விளங்கியது. வாசலில் வைத்துப் பார்த்துச் சொல்லுற தரம் தற்காலிகம். தியேட்டரில் காயத்தைக் கழுவி, செத்த தசையை வெட்டி எடுத்த பிறகுதான் உண்மையான தரம் தெரியும். வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தது உள்ளுக்குள் சிதைந்து கிடந்திருக்கிறது.

அப்பவும் எல்லாரும் ஒரே தரத்தைச் சொல்வார்கள் என்றில்லை. 1994இல் வெளியான ஆய்வொன்றில் 245 எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் ஒரே காயங்களைக் காட்டித் தரம் கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 60 சதவீதம்தான் ஒத்துப்போனது. '3பி' என்ற பெட்டிக்குள் இலகுவாகத் தப்புகிற காலும் இருக்கும், தப்பவே தப்பாத காலும் இருக்கும். அதனால்தான் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் ராஜசேகரனும் கூட இருந்தவர்களும் தோல், எலும்பு, தசை என்று தனித்தனியே புள்ளி போட்டு, நோயாளிக்கு இருக்கிற மற்ற வருத்தங்களையும் சேர்த்துக் கூட்டுகிற முறையொன்றை 2006இல் வெளியிட்டார்கள். வெட்டுறதா, வைக்கிறதா என்று முடிவெடுக்க அது உதவுகிறது.

இதையெல்லாம் அவனிடம் போய்ச் சொன்னோம். கெண்டைக்கால் தசையைத் திருப்பி எலும்பை மூடியிருந்தார்கள், வெளியே கம்பி பூட்டியிருந்தது. 245 பேரின் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "என்னைப் பாத்த டொக்டர் அந்த நாப்பது வீதத்தில இருந்திருந்தா?" என்று கேட்டான். நாங்கள் சோடாப் போத்தலை உடைத்து அவனுக்கு ஊற்றிக் கொடுத்தோம். அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை. புது எக்ஸ்ரே எடுப்பார்களாம்.